உறக்கமறியாச் சிற்றுண்ணியும் கீரிமலைக் கமக்காரரும்

கத்தரி இலையின் அடிப்புறத்தில் வாழும் சிவப்புச் சிற்றுண்ணி வெறுங்கண்ணுக்கு ஒரு தூசியெனவே தோன்றும். எனினும் இவ்வினத்துச் சிற்றுயிர்கள் பலவற்றின் உடலினுள்ளே பகலின் நீளத்தை அளக்கும் கடிகாரமொன்று உண்டென்பது ஆராய்ச்சியாற் கண்ட உண்மையாகும்.

இங்கிலாந்தில் பழமரச் சிவப்புச் சிற்றுண்ணியை ஆராய்ந்த ஏ. டி. லீஸ் என்பார் 1953இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தட்பமான காலநிலையிற் பகற்பொழுது ஏறத்தாழ 14 மணி நேரத்திற்குக் குறையுமாயின், அச்சிற்றுண்ணி குளிர்கால முட்டைகளை இடுகின்றது. அவை மாதக்கணக்காகப் பொரியாது மரப்பட்டையில் உறங்கிக் கிடக்கும். வெப்பம் நாளுக்கு நாள் மாறும். பகலின் நீளமோ ஆண்டுதோறும் பிசகாது. ஆதலாற் குளிர் வருமுன்னரே அதனை அறிதற்குப் பகலளவே ஏற்ற குறியாகும். நீண்ட இரவின் இடையே சிறிது நேரம் ஒளி பாய்ச்சினாற் பல பூச்சிகள் அதனை நெடும்பகலெனக் கொள்கின்றன. எனவே அவை பெரிதும் கணிப்பது இரவின் நீளத்தையே எனலாம்.

கீரிமலையின் நிலை வேறு. இங்கே ஆனி மாத நெடும்பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மேற்பட்டது. நெடும்பகலும் 13 மணியை எட்டுவதில்லை. ஆங்கில நாட்டுச் சிற்றுண்ணியின் கணக்குப்படி இங்கே ஆண்டு முழுவதும் குறும்பகலே. ஆயினும் கடுங்குளிரில்லாத இம்மண்ணிற் சிற்றுண்ணி உறங்குவதில்லை. கோடை வெயிலில் முட்டை முதிர்ந்த சிற்றுண்ணியாவதற்கு ஒரு கிழமை முதற் பத்து நாள் வரை போதும்.

குளிர்நாட்டுக் கமக்காரருக்கு இயற்கை அளிக்கும் ஓய்வுக்காலத்தைக் கீரிமலைக் கமக்காரர் தாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். மருந்தை மட்டும் நம்புதல் தகாது. ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தாற் சிற்றுண்ணி அதனைத் தாங்கப் பழகும். அதனை உண்டு வாழும் நன்மை செய்யும் உயிர்களே முதலில் அழியும். அறுவடை முடிந்த கத்தரிச் செடிகளை வேரோடு பிடுங்கி அழித்தலும், அடுத்த போகத்திற் குரக்கனோ வெங்காயமோ இடுதலும், கிழமைதோறும் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தலும் செலவு குறைந்த வழிகளாம்.

கத்தரியை நீக்கினால் வருவாய் குறையுமெனச் சிலர் தயங்கலாம். ஓயாது மருந்துக்குச் செலவிடுவதினும் அவ்விழப்புச் சிறிதே. ஆயினும் ஒருவர் மட்டும் செய்தாற் பயனில்லை. சிற்றுண்ணி காற்றிலேறி அயற்றோட்டத்திலிருந்து வந்துவிடும். வேலிக்கு இருபுறத்தாரும் ஒரே காலத்தில் ஒன்றுகூடிச் செய்தலே உறுதியான காப்பாகும்.