நிரல் எழுதும் கையும் தோல் பதனிடும் கையும்

கணினிக்கு நிரல் எழுதுவது, அதாவது கோடிங், அறிவியலா, பொறியியலா, கைவினையா? கணினித் துறைக்குள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் விவாதம் இது. மேற்கில் இதைப் பாடத்திட்டம், தொழில்தரம் பற்றிய கேள்வியாகப் பேசி முடித்துவிடலாம். சாதிச் சமூகத்தில் அப்படி முடியாது. இங்கே அறிவியல் என்றால் மூளை, பொறியியல் என்றால் பட்டம், கைவினை என்றால் குலம். ஒரு வேலைக்கு எந்தப் பெயர் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதைச் செய்பவருக்கு நாற்காலியா, திண்ணையா என்பதும் முடிவாகிறது.

முதலில் கேள்வியை நேராகவே பார்ப்போம். மூன்று தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. ஒரு நிரல் ஓடி முடியுமா, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் கண்டுசொல்லும் பொதுவழி எதுவும் இருக்க முடியாது என்று 1936இல் ஆலன் டூரிங் நிறுவினார். இன்றைய கணினி பிறப்பதற்கு முன்பே நிறுவப்பட்ட கணித உண்மை அது. அந்த அளவில் இது அறிவியல்.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாடு 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரை வேண்டுமென்றே சீண்டலாகச் சூட்டிக்கொண்டது. பாலம் கட்டுபவருக்கு இருக்கும் ஒழுங்கும் பொறுப்பும் நிரல் எழுதுபவருக்கு இல்லையே என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலை வீண் இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய நாற்பது நொடிக்குள் சிதறியது. பழைய ஏரியான் 4இலிருந்து எடுத்து வைத்த நிரல், ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் திணிக்கப் பார்த்ததே காரணம்.

மூன்றாவது தரப்பில் டொனால்ட் கனூத் இருக்கிறார். 1974இல் டூரிங் விருது பெற்றபோது, நிரலாக்கத்தைக் கலையாகப் பார்ப்பது பற்றியே உரையாற்றினார்.

என் நிலைப்பாடு இது: அடியில் அறிவியல் இருக்கிறது, உயிரும் பணமும் சம்பந்தப்படும் இடத்தில் பொறியியல் கட்டாயம் வேண்டும். ஆனால் அன்றாடம் நடக்கும் வேலை கைவினை. அடுத்தவர் எழுதிய ஆயிரம் வரிகளைப் படித்து எங்கே பிசகு என்று மோப்பம் பிடிப்பதை எந்தச் சூத்திரமும் கற்றுத்தராது. எழுதி, உடைந்து, திருத்தி, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் அது கைக்கு வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

அப்படியானால் நிரல் எழுதுபவரை ஏன் யாரும் கைவினைஞர் என்று அழைப்பதில்லை? வேலைக்குப் பெயர் வைக்கும்போது வேலையைவிட ஆளைத்தான் பார்க்கிறார்கள். 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியை இயங்கவைத்தவர்கள் ஆறு பெண்கள். கம்பிகளைச் செருகி, விசைகளைத் திருப்பி, உண்மையாகவே கையால் நிரலமைத்தார்கள். அன்று அது எழுத்தர் வேலை போலவே பார்க்கப்பட்டது. இயந்திரத்தைக் கட்டிய ஆண்களுக்குப் புகழ் போனது. பிறகு ஆண்கள் இந்த வேலைக்குள் திரண்டபோது அதற்குப் பொறியியல் என்ற மகுடமும் வந்தது.

நம் ஊரில் இதே கணக்கைத் தோல் சொல்லும். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பதனிடுவது வேதியியல். சாறு எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்பவர் பல ஆண்டு அனுபவத்தால் அதைக் கற்றவர். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதே தோல் அறிவியல். அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.டெக் பட்டம் தரும் தொழில்நுட்பம். சேரியிலிருந்து தொட்டிக்குள் இறங்குபவரின் கையில் மட்டும் அது தீட்டு. தோல் ஒன்றுதான், வேதிவினையும் ஒன்றுதான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையில் பிரிக்கிறது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் சொன்னதன் பொருள் இதுதான்.

ஒரு தோழர் கேட்கலாம்: கைவினை என்று நாமே பேசினால் அது குலக்கல்விக்கு வழி விடாதா? நியாயமான அச்சம். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகு என்றார். பெரியார் தலைமையில் எழுந்த எதிர்ப்பில் அவர் பதவி விலக, 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைக் குடும்பவழி மரபுத் தொழில்கள் என்று வரையறுத்தது. செருப்புத் தைப்பதும் முடி திருத்துவதும் துணி வெளுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த வடிவில் ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் மறுத்தது சரியே. நிரல் எழுதுபவரின் மகன் நிரல்தான் எழுத வேண்டும் என்று எந்த அரசும் திட்டம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நாம் அறுக்க வேண்டியது கைவினைக்கும் பிறப்புக்கும் இடையிலான முடிச்சை. பழகினால் யாருக்கும் வரும் என்பதே கைவினையின் இலக்கணம். அதை ஒப்புக்கொண்டால் 'லாஜிக் சிலருக்கு ரத்தத்திலேயே இருக்கிறது' என்ற பேச்சு செத்துப்போகும். தகுதி, திறமை என்று பொறியியல் வளாகங்களில் ஓதப்படும் மந்திரத்தின் கணிசமான பகுதி, வீட்டில் சின்ன வயதிலேயே கணினி இருந்ததும், கேட்டால் சொல்லித்தர மாமாவோ அக்காவோ இருந்ததும்தான். முதல் தலைமுறை மாணவர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் விசைப்பலகையைத் தொடுகிறார். மூன்றாம் ஆண்டில் வளாக நேர்காணலில் இருவருக்கும் ஒரே கடிகாரம் வைத்து, அதற்குத் தகுதி என்று பெயரிடுகிறார்கள்.

கைவினைக்குக் கருவி வேண்டும், பழகும் நேரம் வேண்டும், பக்கத்தில் உட்காரும் ஆள் வேண்டும். 2011இல் தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது 'இலவசம்' என்று எள்ளியவர்கள் உண்டு. தச்சரிடம் உளி கொடுப்பதை யாரும் இலவசம் என்று நகைப்பதில்லை. கல்லூரி ஆய்வகங்கள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படக் கூடாது. மூத்த மாணவர்கள் இளையவர்களோடு அமர்ந்து நிரலை வரிவரியாகப் படிக்கும் வட்டங்களை விடுதிகளில் நாமே தொடங்கலாம். விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

'உனக்கு கோடிங் வராது' என்று யாராவது சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் எனக்குக் கணினி கொடுத்தீர்கள், யாரைப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்?