கெட்டவன் யார்?



சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலுள்ள ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்தாவின் ஏழு வயது மகன் பாயில் குப்புறப் படுத்து விளையாடிக் கொண்டிருந்தான். வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பிய பெருநாள் பரிசு அது. பெருவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள். ஹெல்மட், துவக்கு, முதுகுப் பை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம்.

"யுத்தத்துக்குள்ள வளர்ந்தவங்க நாங்க. இந்த வீட்டுக்குள்ள துவக்கு எதுக்கு? குப்பையில போடப் போறன்" என்றார் ராத்தா. பிள்ளையின் கண்கள் கலங்கி விட்டன.

இந்தச் சாமான்களின் கதை சுவையானது. டென்மார்க்கில் 1932ஆம் ஆண்டு ஒரு தச்சர் தொடங்கிய லெகோ நிறுவனம், 1978இல் இந்தக் குட்டி மனிதர்களை வெளியிட்டது. வாளேந்திய குதிரைவீரர்களைச் செய்யும் அந்த நிறுவனம், இன்றைய யுத்தங்களில் காணும் ஆயுதங்களைச் செய்வதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. 2020இல் இராணுவம் பயன்படுத்தும் ஒரு விமானத்தின் மாதிரியை விற்க ஆயத்தமானபோது, ஜெர்மனியில் சமாதான இயக்கத்தினர் எதிர்த்தார்கள். விற்பனைக்கு வருமுன்பே நிறுவனம் அதைக் கைவிட்டது.

பெரிய நிறுவனம் விட்ட இடத்தைச் சிறு தயாரிப்பாளர்கள் பிடித்துக் கொண்டார்கள். 2006இல் அமெரிக்காவில் வில் சாப்மன் என்பவர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஆர்வம் கொண்ட தம் மகனுக்காக, இந்தக் குட்டி மனிதர்களின் கைக்குப் பொருந்தும் துவக்குகளை வீட்டிலேயே செய்து பார்த்தார். அதுவே 'பிரிக் ஆர்ம்ஸ்' என்ற வியாபாரமாயிற்று. இன்று அவரைப் போல் பலர் இருக்கிறார்கள். வாங்குவோரில் வளர்ந்தவர்களே ஏராளம். சிறு பிள்ளையை மனதில் வைத்துச் செய்யப்படாத சாமானும் சிறு பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்து விடுகிறது.

2008இல் பிரித்தானியாவில் இப்படிப்பட்ட ஒரு பொம்மையால் சர்ச்சை எழுந்தது. முகத்தை மூடி, இடுப்பில் வெடிகுண்டுப் பட்டி கட்டிய உருவம் அது. முஸ்லிம் அமைப்பொன்று அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஏன் என்பது அன்று பாயில் உட்கார்ந்த எனக்கு நன்றாகவே விளங்கியது.

"சாச்சி, இவன் கெட்டவன்" என்று ஒரு சிப்பாயைத் தள்ளி வைத்தான் மகன்.

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சில துணி கட்டியிருக்கான்."

"உம்மாவும் முகம் மூடித்தானே வெளிய போறா?"

பிள்ளை குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பதில் இல்லை.

சகோதரிகளே, 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் ராத்தா வீட்டுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அயலவரின் துயரத்தையும் பார்த்தோம். பிறகு பஸ்ஸிலும் கடையிலும் நம் உடையை உற்றுப் பார்த்த கண்களையும் பார்த்தோம். அதே பார்வையை ஒரு பிளாஸ்டிக் துண்டு நம் பிள்ளைக்கே பழக்கி விட்டால் என்ன செய்வது?

குப்பையில் போட்டால் பிள்ளையின் மனதிலிருப்பதும் போய்விடுமா? ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் பொம்மைகளைப் பற்றிய ஹதீஸை அறிவீர்கள். அவற்றுக்கிடையே துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இது என்ன, இதன் மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்ற பதிலைக் கேட்டு, பற்கள் தெரியச் சிரித்தார்கள். அந்த முன்மாதிரி நமக்குப் போதும். விளையாடும் பிள்ளையின் அருகில் பத்து நிமிடம் உட்காருங்கள். இவன் யார், எங்கே போகிறான், யாரைச் சுடுகிறான், ஏன் என்று கேளுங்கள்.

வாங்குமுன் பெட்டியில் என்னென்ன உருவங்கள் என்றும் பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இவை வேண்டவே வேண்டாம். குட்டித் துவக்கும் ஹெல்மட்டும் தொண்டையில் சிக்கிக் கொள்ளும்.

அன்று அஸருக்கு எழுந்தபோது திரும்பிப் பார்த்தேன். தள்ளி வைத்த சிப்பாயின் துவக்கைக் கழற்றி, முதுகில் பையை மாட்டியிருந்தான் மகன்.

"இப்ப இவன் யார்?" என்று கேட்டேன்.

"தெரியல்ல சாச்சி. யோசிக்கிறன்" என்றான்.

ராத்தா பொம்மைகளைக் குப்பையில் போடவில்லை.