பிரேக்குக்கு எவ்வளவு, ஆசைக்கு எவ்வளவு?

சென்ற நவம்பரில் எட்டயபுரத்துக்கு அருகே ஓர் ஆட்டுக்குட்டி என் வண்டியின் குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தினேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. வண்டி ஒருபுறம், நான் மறுபுறம். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் விழிப்போடு இருந்ததால் முழங்கைத் தோல் உரிந்ததோடு முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். அன்று மாலை காயல்பட்டினத்தில் உம்மாவின் முன் முழுக்கைச் சட்டையோடு அமர்ந்திருந்தேன், காயம் தெரியக்கூடாதென்று.

என் வேலை திருச்சியில். உம்மா ஊரில். மதுரை, தூத்துக்குடி வழியாகப் போக ஏறத்தாழ 310 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை போய்வருவது வழக்கம். வண்டியோ 2014இல் வாங்கிய 150 சிசி. அந்த விபத்துக்குப் பிறகு வண்டியை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஆனால் கடைக்குப் போனபோது என் கண் தேடியது வேறொன்றை: நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட, 400 சிசிக்குச் சற்றே குறைந்த, முகப்புக் கண்ணாடி பொருத்திய ஸ்போர்ட்ஸ் டூரர். சாலைக்கு வரும் விலை சுமார் மூன்று லட்சம் என்றார்கள். கையில் இருந்தது ஒரு லட்சம். மீதி இரண்டு லட்சத்துக்குத் தவணை உண்டென்று, நான் கேட்கும் முன்பே காகிதம் நீட்டினார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் காகிதத்தைப் பற்றியதும், அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் நடந்த இரண்டு வார விவாதத்தைப் பற்றியதும் ஆகும். நம் சமுதாயத்தில் இன்று எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. சில வீடுகளில் மகன் கேட்கிறான். சில வீடுகளில், என் வீட்டைப் போல, நாற்பதைத் தாண்டிய தகப்பனே கேட்கிறார்.

முதலில் பெரிய வண்டியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பொய்யான நியாயமன்று. நான்கு வழிச் சாலையில் பேருந்து ஒன்று முந்திச் செல்லும்போது எழும் காற்றில் இலகுவான வண்டி ஆடும். கனமான வண்டி நிலைத்து நிற்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சிறிய எஞ்சின் திணறி அதிரும்; பெரிய எஞ்சின் அமைதியாக ஓடும். ஐந்து மணி நேரம் அமர்ந்து செல்பவனின் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் அந்த வேறுபாடு தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரு சக்கரங்களும் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதில் இருந்தது. என் பழைய வண்டியில் அது இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயமானது, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்ற எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலும்தான்.

நண்பர் ஒருவர் இன்னொரு நியாயத்தையும் சொன்னார். "ஹலாலாகச் சம்பாதித்தீர்கள். வீட்டுக் கடமைகளில் குறை வைக்கவில்லை. ஆசைப்பட்ட ஒன்றை வாங்குவது பாவமா?" பாவமில்லை. நல்ல பொருளை விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை. தடுத்திருப்பது வட்டியையும் வீண்விரயத்தையும்தான். ஆகவே கேள்வி வண்டியைப் பற்றியதன்று. எதற்காக, எந்தப் பணத்தில், யாருடைய பாதுகாப்பைப் பணயம் வைத்து என்பதைப் பற்றியது.

என் மனைவி அதை இன்னும் சுருக்கமாகக் கேட்டாள்: "நீங்கள் விழுந்ததை நினைத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. வண்டியை மாற்றுங்கள். ஆனால் இந்த மூன்று லட்சத்தில் பிரேக்குக்கு எவ்வளவு, ஆசைக்கு எவ்வளவு?"

அந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் ஒரு தாளும் பேனாவுமாக அமர்ந்தேன்.

முதலில் வேகம். மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, நடுவே தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். கடையில் நான் பார்த்த வண்டியோ 150ஐத் தாண்டும் என்றார்கள். அந்த வேகத்தைச் சட்டப்படி ஓட்டிப் பார்க்க என் வழியில் ஓரிடமும் இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கே அனுமதி இல்லை. நான் இப்போது சராசரியாக அறுபதில் செல்கிறேன்; 310 கிலோமீட்டருக்கு ஐந்து மணி பத்து நிமிடம் ஆகிறது. புதிய வண்டியில் சராசரி எழுபது என்று வைத்தாலும் மிச்சமாவது 44 நிமிடம். வழியில் தொழுகைக்கும் தேநீருக்கும் நிறுத்தும் நேரம்கூட அதைவிட அதிகம்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. வரிக்கு முந்தைய விலை இரண்டு லட்சமாக இருக்கும் ஒரு வண்டியில் இந்தக் கோட்டின் இருபுறத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 44,000 ரூபாய். மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலும் இதே கோடுதான். 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த கட்டண அட்டவணையில் 150 சிசி வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 350 சிசிக்கு மேல் 2,804 ரூபாய்.

பெட்ரோல் கணக்கை மாதம் 1,400 கிலோமீட்டருக்குப் போட்டேன். லிட்டருக்கு ஐம்பது தரும் என் வண்டிக்கு 28 லிட்டர். லிட்டருக்கு 28 தரும் பெரிய வண்டிக்கு 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,200 கூடுதல், ஆண்டுக்கு 26,400. மதிப்போ ஆண்டுதோறும் சரியும். காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மானக் கணக்கில் நான்கு ஆண்டுகளைக் கடந்த வண்டியின் மதிப்பு பாதியாகிவிடுகிறது.

இப்போது அந்தக் காகிதம். "ஒன்பது சதவீதம்தான்" என்றார் விற்பனையாளர். ஆனால் அது நிலை வட்டி. இரண்டு லட்சத்துக்கு மூன்று ஆண்டில் 54,000 ரூபாய் வட்டி. மாதத் தவணை 7,056. அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும், முழு இரண்டு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடப்படுகிறது. குறையும் அசலுக்கு ஏற்பக் கணக்கிட்டால் உண்மையான விகிதம் 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதை நான் இங்கே யாருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் கூட வட்டிக் கடனை அஞ்சித் தவிர்க்கும் குடும்பங்கள் வண்டி என்று வரும்போது மட்டும் "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று கையெழுத்திடுவதைப் பார்க்கிறேன். நானும் பேனாவைத் திறந்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

அதே தாளில் இன்னொரு கணக்கையும் எழுதினேன். தவணையாகக் கட்டவிருந்த 7,056 ரூபாயை நானே மாதாமாதம் எடுத்துவைத்தால், 29 மாதங்களில் இரண்டு லட்சத்தைக் கடந்துவிடுகிறது. அதாவது 36 மாதம் கடனாளியாக இருப்பதற்குப் பதில் 29 மாதம் பொறுத்திருந்தால் போதும். கையில் நிற்கும் அந்தச் சேமிப்பு நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு 2.5 சதவீதம் ஜகாத் உண்டு. வண்டிக்கென ஒதுக்கிய பணம் என்பதால் அது நீங்கிவிடாது. ஓட்டும் வண்டிக்கு ஜகாத் இல்லை, காத்திருக்கும் பணத்துக்கு உண்டு. மூன்று லட்சத்துக்கு அது 7,500 ரூபாய். 54,000 ரூபாய் வட்டிக்கும் இதற்கும் தொகையில் மட்டுமன்று, போய்ச்சேரும் இடத்திலும் வேறுபாடு உண்டு.

பணக் கணக்கைவிட என்னை நிறுத்தியவை வேறு இரண்டு.

ஒன்று, பின்னிருக்கை. முன்னோக்கிச் சாய்ந்து ஓட்டும் இவ்வகை வண்டிகளில் பல, பின்னால் அமர்பவரை இரண்டாம் இடத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. இருக்கை உயரம், அகலம் குறைவு. புர்கா அணிந்து ஒருபுறமாக அமரும் பெண்ணுக்கு அது ஆபத்து. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது; ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்கத்தான். வண்டியின் அழகைக் கெடுக்கிறதென்று வாங்கிய மறுநாளே அந்தத் தடுப்பைக் கழற்றுகிறவர்கள் நம்மில் உண்டு. சங்கிலியில் துணி சிக்கினால் என்ன ஆகுமென்று எந்த அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். என் மனைவி கடையில் அந்த இருக்கையில் ஒருமுறை ஏறி அமர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டாள். என்னைச் சுமக்க நான் தேர்ந்தெடுத்த வண்டியில் அவளுக்கு இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மற்றொன்று, என் மகன். பத்தொன்பது வயது. விவாதம் நடந்த இரண்டு வாரமும் பெரிய வண்டியின் பக்கம் நின்றவன் அவன் ஒருவனே. ஒருநாள் இரவு உணவின்போது மெல்லக் கேட்டான்: "வாப்பா, வண்டி வந்தால் வெள்ளிக்கிழமை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா?"

என்ன பதில் சொல்வது? கூடாது என்றால், எனக்கு ஆகும் ஒன்று அவனுக்கு ஏன் ஆகாது என்று விளக்கவேண்டும். சரி என்றால் நாற்பது குதிரைத்திறனை அவன் கையில் கொடுக்கவேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். நம் ஊர்களில் அவ்வப்போது இளைஞர் ஒருவரின் ஜனாஸாவுக்கு நிற்கிறோம். கலைந்து வரும்போது வண்டியின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். அந்த வண்டியை வாங்கித் தந்தவர் முதல் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். உடலும் உயிரும் அமானிதம். பிள்ளைகள் அதனினும் பெரிய அமானிதம்.

அன்றிரவு தாளின் அடியில் மனைவியின் கேள்விக்கு விடை எழுதினேன். எட்டயபுரத்தில் என்னை விழவைத்தது குறைந்த குதிரைத்திறனன்று. பூட்டிக்கொண்ட பின்சக்கரமும் பழைய டயரும்தான். அதற்குத் தேவை இரு சக்கரங்களுக்குமான ஏபிஎஸ். அது பல்சர் என்160, அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி போன்ற 160, 200 சிசி வண்டிகளிலேயே கிடைக்கிறது. விலை நான் கேட்ட வண்டியில் ஏறக்குறைய பாதி. முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ளவையும் விற்பனையில் உண்டு என்பதால் கேட்டு வாங்கவேண்டும். ஆக, மூன்று லட்சத்தில் பாதி பிரேக்குக்கு, பாதி ஆசைக்கு. விபத்தின் அச்சத்தைச் சொல்லி நான் ஆசையை வாங்கப் பார்த்திருக்கிறேன்.

இதை எல்லோருக்குமான தீர்ப்பாகச் சொல்லவில்லை. நாள்தோறும் நெடுஞ்சாலையில் தொழில் செய்பவர், கடனின்றி வாங்கக்கூடியவர், தனியே பயணிப்பவர் ஆகியோரின் கணக்கு வேறாக வரலாம். வாங்கட்டும்; பரக்கத் உண்டாகட்டும். நான் வேண்டுவது ஒன்றே: கடைக்குப் போகும் முன் வீட்டில் அந்தத் தாளை எழுதுங்கள். என்னுடைய எந்தப் பயணத்துக்கு இந்த வண்டி தேவை? அதற்கான பணம் எந்த வழியில் வருகிறது? எனக்குப் பின்னால் அமர்பவர் யார், எனக்குப் பின் இதை ஓட்டப்போகிறவர் யார்? விலையைப் பற்றிய பேச்சு இந்த மூன்றுக்கும் பிறகு வரட்டும்.

நான் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாதம் 7,056 ரூபாயைத் தனியே எடுத்துவைக்கிறேன். எட்டு மாதத்தில் 56,448 ஆகும். இருக்கும் ஒரு லட்சத்தோடு சேர்த்தால் 200 சிசி வண்டியும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம் இரண்டும் வாங்கப் போதும், இன்ஷா அல்லாஹ். அதுவரை ஊருக்குப் போவது திருச்சி வழியே செல்லும் திருச்செந்தூர் ரயிலில். சென்ற மாதம் அதில்தான் போனேன். உம்மா என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "ரயிலிலேயே வா வாப்பா, நேரமானாலும் பரவாயில்லை" என்றார்கள்.

மகனுக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடவும் டயர் தேய்மானத்தைப் பார்க்கவும் பழைய வண்டியில் அவனுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். புதிய வண்டி வந்தால் வெள்ளிக்கிழமை அவனும் ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். பின்னிருக்கையில் நான் இருப்பேன் என்பதையும் சேர்த்து.