அடித்த சாரைக்கு "மாஷா அல்லாஹ்" போட்டவர்களுக்கு



நேற்று நமது ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வீடியோ. ஏழெட்டுத் தம்பிமார் சேர்ந்து மண்வெட்டிப் பிடியால் ஒரு நீளப் பாம்பை அடித்துக் கொன்று, தடியில் தூக்கிக் காட்டுகிறார்கள். கீழே "மாஷா அல்லாஹ்", "சுப்பர் தம்பி" என்று நாற்பதுக்கு மேல் பாராட்டு. அது சாரை. நஞ்சே இல்லாத பாம்பு. சாரையும் நாகமும் இணை சேரும் என்ற கதையை நம்பி இன்னும் அதை அடிக்கிறோம். பின்னிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவை பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகள்.

இதை அங்கே எழுதினேன். "சேர், பாம்புக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை காக்கா, மனிசருக்குத்தான். சாரையை அடித்தால் வயலில் எலி பெருகும். எலி பெருகினால் நெல் மட்டுமா போகும்? 2008இல் இந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். எலி இருக்கும் இடத்துக்குப் புடையனும் வரும்.

ஆனால் எனது கோபம் சாரையைப் பற்றியது மட்டுமல்ல. போன மாதம் எனது வகுப்புப் பிள்ளை ஒருவன் இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. தேடிப் போனேன். அவனுடைய வாப்பா மஃரிபு நேரம் வக்கடை கட்டப் போனவர். வெறுங்கால், டோர்ச்சும் இல்லை. கணுக்காலுக்குக் கீழே புடையன் போட்டுவிட்டது. கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? காலை இறுக்கிக் கட்டி, பிளேட்டால் கீறி, ஓட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக்கொண்டு பரிசாரியிடம் போனார்கள். ஆம், ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான். அங்கே மூன்று மணித்தியாலம். கீறின இடத்தில் இரத்தம் நிற்காமல் வடிந்த பிறகுதான் பயம் வந்தது. உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க இன்றும் போய்வருகிறார். மகன் வயலில் நிற்கிறான்.

"பரிசாரி எத்தனை பேரைச் சுகப்படுத்தியிருக்கிறார் தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். தெரியும். ஏன் சுகமாகிறது என்பதும் தெரியும். 2012, 2013 காலத்தில் இலங்கை முழுவதும் வீடு வீடாக ஒரு ஆய்வு செய்தார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு வருடத்தில் பாம்பு கடித்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். அதில் உடம்பில் நஞ்சு ஏறியது 30,000 பேருக்குத்தான். இறந்தவர்கள் 464 பேர். கணக்குப் போடுங்கள். கடிபட்ட எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு நஞ்சே ஏறவில்லை. கடித்தது நஞ்சில்லாத பாம்பு, அல்லது நஞ்சுப் பாம்பு நஞ்சை விடாமல் கடித்தது. அந்த ஐந்து பேருக்கும் பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் சுகம்தான். பெயர் பரிசாரிக்குப் போகிறது. மிச்சம் மூன்று பேரில் ஒருவர் உங்கள் வாப்பாவாக இருந்தால்?

யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று வெளியில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் புடையன் நஞ்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு மாற்றுமருந்து ஏற்றுவார்கள். அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். "அந்த மருந்து ஏற்றினால் ஆள் நடுங்குது, மூச்சு முட்டுது" என்பதும் பொய்யில்லை. அதற்காகவே முதலில் சிறிதளவு அட்ரினலின் கொடுக்கலாம் என்பதை ஆயிரம் நோயாளிகளை வைத்து இலங்கை வைத்தியர்களே ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள்.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. விஷக்கடிக்கு ஸஹாபி ஒருவர் சூறா பாத்திஹா ஓதிச் சுகமான சம்பவம் புஹாரியில் இருக்கிறது. ஓதுங்கள். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஓதுங்கள். மருந்து தேடச் சொன்னதும் அதே நபிதான் (ஸல்).

இன்னொரு சுன்னத் இருக்கிறது, அதை யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை. படுக்க முன் படுக்கையைத் தட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள். நாம் போன பிறகு அதில் என்ன வந்து கிடக்கிறதென்று நமக்குத் தெரியாதாம். கட்டுவிரியனைப் பற்றி இதைவிட என்ன சொல்ல? அது இராத்திரிதான் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல்லுப்பட்ட அடையாளமும் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி என்பார், கண்ணிமை சரியும், பிறகு மூச்சு நிற்கும். வாடியில் காவல் படுப்பவர்கள் கட்டிலில் படுங்கள். வலையைக் கட்டி, அதைப் பாயின் கீழே செருகி விடுங்கள்.

அமெரிக்காவில் வாலை ஆட்டிக் கிலுகிலுப்பைச் சத்தம் போடுகிற பாம்பு இருக்கிறது. யூடியூப் பார்க்கும் பிள்ளைகள், "நம்முடைய பாம்பு மட்டும் ஏன் சேர் சொல்லாமல் கடிக்குது?" என்று கேட்கிறார்கள். சொல்லும் மகன். புடையன் சீறுவது பிரஷர் குக்கரில் ஆவி போவது மாதிரிக் கேட்கும். காதில் இயர்போனோடு வரம்பில் நடப்பவனுக்கு எப்படிக் கேட்கும்? அது நம்மைத் துரத்தி வருவதில்லை. நாம்தான் மிதிக்கிறோம், இல்லையென்றால் அடிக்கப்போய்க் கடி வாங்குகிறோம். பிள்ளை படுக்கிற அறைக்குள் புடையன் வந்தால் என்ன செய்வதென்று மௌலவிமாரிடம் கேளுங்கள், அந்த விவாதம் எனக்கு வேண்டாம். வயலில் போகிறதை விட்டுவிடுங்கள்.

கடிபட்டால் கட்டவேண்டாம், கீறவேண்டாம், உறிஞ்சவேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். ஆளை நடக்கவிடாமல் தூக்குங்கள். பாம்பைத் தேடி நேரம் போக்காதீர்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், போன் கையில்தானே இருக்கிறது.

கந்தூரிக்கும் கிரிக்கெட் ஜேர்சிக்கும் காசு சேர்க்கிற ஊர் இது. இரவில் தண்ணீர் பார்க்கப் போகும் கூலிக்காரருக்கு ஒரு சோடி இறப்பர் பூட்ஸும் டோர்ச்சும் கொடுக்காத போடிமாரே, உங்கள் நெல்லுக்காகத்தானே அந்தக் கால் வரம்பில் நடக்கிறது? பெரும்போக வெட்டுத் தொடங்க இன்னும் சில கிழமைதான். வட்டவிதானைமார் அடுத்த விவசாயக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்கவேண்டும். பள்ளித் தலைவரிடம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

பூட்ஸ் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். பழையதானாலும் ஓட்டை இல்லாமல் இருந்தால் போதும். 8ஆம், 9ஆம் அளவுதான் கூடத் தேவை. இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.