கன்னத்தில் அடக்கும் புகையிலை

தாய்மார்களே, “நான் என்ன சிகரெட்டா பிடிக்கிறேன்? வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலைதானே!” என்று சொல்பவர்கள் ஜாசினிலும் உண்டு, அலோர் காஜாவிலும் உண்டு. லயத்தை விட்டு டவுன் வீட்டுக்குக் குடிவந்தபோது வெற்றிலைப் பெட்டியும் கூடவே வந்துவிட்டது. புகை இல்லையென்றால் தீங்கும் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு தப்பு. புகையிலையைக் காயவைத்துப் பதப்படுத்தும்போதே, அதிலுள்ள நிக்கோட்டினிலிருந்து நைட்ரோசமின் என்னும் இரசாயனங்கள் உண்டாகிவிடுகின்றன. இதற்கு நெருப்பு தேவையில்லை. கன்னத்தில் அடக்கி வைக்க வைக்க, அவை எச்சிலில் கரைந்து சதைக்குள் இறங்கும். வேண்டாத பொருளை வெளியேற்றுவதற்காக உடம்பு அதை மாற்றப் பார்க்கும். வினையே அங்கேதான். சாதுவாக இருந்தது, எதையும் பற்றிக்கொள்ளும் பொருளாகிவிடும். உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யையும் பற்றிக்கொள்ளும்.

டி.என்.ஏ.யை நம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகமாக எண்ணிக்கொள்ளுங்கள். உயிரணு இரண்டாகும்போதெல்லாம் புத்தகம் முழுவதும் பெயர்த்து எழுதப்படும். ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்து. ஜி-க்கு நேரே சி வரவேண்டும். அந்த இரசாயனத்தின் துணுக்கு ஜி-யில் ஒட்டிக்கொண்டால், சி இருக்கவேண்டிய இடத்தில் டி வந்து உட்காரும். ரப்பர் துளி பட்டுத் துணைக்கால் மறைந்துபோனால், ‘பால்’ என்பதைக் கிராணி ‘பல்’ என்று எழுதிவிடுவார் அல்லவா? அப்படித்தான்.

ஒட்டியதை எடுக்க உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. துணுக்கைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அதோடு அதன் வேலை முடிந்தது. தீக்குச்சி மாதிரி, ஒரு தடவைதான். நாளுக்குப் பத்து வாய் போட்டால் எத்தனை குச்சி தாங்கும்? சரிசெய்யப்படாத பிழை, உயிரணுவின் வளர்ச்சியை அடக்கிவைக்கும் பகுதியில் விழுந்தால், அது அடங்காமல் பெருகத் தொடங்கும். ஒரு நாளில் நடப்பதில்லை. பல வருடங்கள் ஆகும்.

புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று, பிரான்சிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இலேயே அறிவித்தது. 2004-இல் வெளியான அதன் அறிக்கை பாக்கையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே, “புகையிலையை விட்டேன், பாக்கு மட்டும்தான்” என்பதும் பாதி வழிதான். நம் நாட்டில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம்தான், அதிலும் பெண்களிடம், அதிகம் கண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கே கண்ணாடி முன் நின்று, வழக்கமாக அடக்கும் பக்கத்துக் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வாய் முன்போல் திறக்காவிட்டாலும், அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது.