தேவதாரு: வெட்டினால் நட்டுக்கலாம் என்பது சரியான கணக்கா?

இமயமலையில் சாலையை அகலப்படுத்தப் போறாங்கன்னு செய்தி வந்தால், கூடவே ஒரு சமாதானமும் வரும்: ‘வெட்டும் மரங்களுக்குப் பதிலாகக் கன்றுகள் நடப்படும்.’ கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால், வெட்டுப்படுவது தேவதாரு என்றால் கணக்கு உதைக்கிறது.

தேவதாரு என்பது மேற்கு இமயமலையில் சுமார் 1,500 முதல் 3,200 மீட்டர் உயரத்தில் வளரும் ஊசியிலை மரம். வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். இமாச்சலப் பிரதேசத்தின் மாநில மரமும் இதுதான். கட்டையில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் பூச்சி அரிக்காது, சீக்கிரம் உளுக்காது. அந்தக் குணமே அதற்கு எமனானது. பிரிட்டிஷ் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைகளுக்காகக் காடு காடாக வெட்டி, பாகீரதி ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள்.

இப்போது அதே பள்ளத்தாக்கில் கங்கோத்ரி சாலை. கோமுகம் முதல் உத்தரகாசி வரையான பகுதி 2012-ல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டிய மத்திய அரசின் வாதத்தை ஏற்று, 2021 டிசம்பரில் இந்தச் சாலையை இருவழியாக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

ராணுவத்துக்கும் ஊர்மக்களுக்கும் நல்ல சாலை வேணும்தான். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், செங்குத்தான சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது பல பத்தாண்டுகளாக இறங்கிய வேர். தேவதாரு விதை தருவதற்கே முப்பது, நாற்பது வருஷம் ஆகும். வேறெங்கோ நட்ட கன்று இந்தச் சரிவை எப்படித் தாங்கும்?

2025 ஆகஸ்ட் 5-ல் இதே பள்ளத்தாக்கில் உள்ள தராலி கிராமத்தைச் சேறும் பாறையுமாக வந்த வெள்ளம் மூடியது. அதற்கு மரவெட்டுதான் காரணம்னு சொல்ல வரலை. இவ்வளவு நொய்ந்த மலையில் இருக்கிற பிடிமானத்தையும் நாமே ஏன் உருவணும் என்பதுதான் கேள்வி.

எல்லா இடத்திலும் ஒரே அகலம் தேவையில்லை. சரிவைப் பார்த்து அகலத்தை முடிவு செய்யலாம். மரம் அடர்ந்த இடங்களில் சாலையைக் குறுக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற கணக்கை முதலில் மக்கள் முன் வைக்கட்டும். அதுவரை கோடரி காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.