புதியதும் பழையதும்
விசையை இழுத்த மாத்திரத்தில் சுத்தியல் தானே பின்வாங்கி, உருளை சுழன்று, குண்டு பாயுமாயின் அது இரட்டைச் செயல் ரிவால்வர். 1851-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் செய்ததில் கட்டை விரலால் சுத்தியலை இழுக்க வழியே இல்லை. 1899-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் வெளியிட்டதில் உருளை பக்கவாட்டில் வெளிவரும். ஒரே தள்ளில் காலித் தோட்டாக்கள் யாவும் உதிரும். பழையவற்றின் மெருகைப் புகழ்வோர் பலர்; நாமோ உள்ளே மறைந்திருக்கும் ஓர் உறுப்பையே பெரிதென மதிக்கிறோம். 1944-ல் அக்கம்பெனியின் ரிவால்வர் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி மாண்டார். அதில் தடுப்பு இல்லாமலில்லை. இறுகிய மசகினால் அது அசையவில்லை என்பர். பிறகு வந்த தடுப்பை விசையின் இயக்கமே நகர்த்துகிறது. பிற்காலத்து ரூகர் ரிவால்வர்களிலோ சுத்தியல் ஊசியைத் தொடுவதே இல்லை. விசையை இழுத்தால் நடுவே ஒரு சிறு பட்டை எழுந்து அடியை ஊசிக்குக் கடத்தும். விரலை எடுத்தால் இறங்கிவிடும்.